நூறாவது கையெழுத்து

போன வாரம் ஒரு பெண்மணியிடம் திட்டு வாங்கினேன். சாதாரணத் திட்டு இல்லை... ஆபீஸில், நாலு பேர் முன்னால், நிற்க வைத்து, சுளீரென்று.

எனக்கு வயது அறுபத்து மூன்று. ரிட்டயர் ஆன பிறகு என்னைத் திட்டும் உரிமையை வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். அவரும் அதை நாள் தவறாமல் பயன்படுத்தி வருகிறார். வெளியாள் திட்டி ரொம்ப வருஷமாச்சு. அதனால் முதலில் கோபம்தான் வந்தது. அன்றைக்கு மத்தியானச் சாப்பாடுகூடச் சரியாக இறங்கவில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், திட்டியவருக்கு ஒரு மாலை வாங்கிப் போட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

திட்டியவர் பச்சையம்மாள். எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். காலனியைச் சேர்ந்தவர். ஊர்க்காரர்களின் நிலத்தில் நாற்று நட்டவர், களை எடுத்தவர். பிறகு நூறு நாள் வேலையில் ஆட்கள் பெயரை எழுதிக்கொள்ளும் பொறுப்பில் இருந்தவர். தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது நின்றார், ஜெயித்தார். எட்டாவது வரைதான் படிப்பு. ஆனால் ஒரு காகிதத்தைக் கையில் கொடுத்தால் கடைசி வரி வரை படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். என் முப்பத்தோரு வருஷ சர்வீஸில் நான் பார்த்த எந்த சேர்மனிடமும் இந்தக் கெட்ட பழக்கம் கிடையாது.

எதற்குத் திட்டினார்? உதவி செய்ததற்கு!

அதைச் சொல்வதற்கு முன்னால் என் பூர்வோத்தரத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — நான் ஒரு கடலோர நகராட்சியில் கிளார்க்காகச் சேர்ந்து மேலாளராக வெளியே வந்தவன். ஊர்ப் பெயர் வேண்டாம். பென்ஷன் வாங்குகிறவன்.

முதலில் அது ஒரு குப்பம். கட்டுமரங்கள், பக்கத்தில் உப்பளம், அவ்வளவுதான். அப்புறம் ஒரு ரசாயனக் கம்பெனி வந்தது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. புகைபோக்கி முளைத்தது, குவார்ட்டர்ஸ் முளைத்தது, மெஸ், லாட்ஜ், லாரி ஷெட் எல்லாம் முளைத்தன. பஞ்சாயத்தாக இருந்தது பேரூராட்சி ஆனது. பேரூராட்சி நகராட்சி ஆனது. நான் அந்த ஊரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கெங்கிருந்தோ வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்ட ஊர் அது. புயல் அடித்து ஓய்வதற்குள் தெருவில் இறங்கி, விழுந்த மரங்களை வெட்டிப் போட்டு வழி பண்ணிக் கொடுத்த தூய்மைப் பணியாளர்களை அங்கேதான் பார்த்தேன். இன்றைக்கும் அவர்களை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

ஆனால் மன்றக் கூட்டம்? அது தனிக் கதை.

கூட்டம் காலை பதினொரு மணிக்கு என்றால், தீர்மானங்களை முந்தின நாள் சாயங்காலமே நான் டைப் அடித்து முடித்திருப்பேன். விவாதம் நடந்தது, உறுப்பினர்கள் கருத்துச் சொன்னார்கள், மன்றம் ஏகமனதாக ஏற்றது... எல்லாம் ரெடி. மறுநாள் ஒருவர் எழுந்து, "பொருள் எண் ஒன்று..." என்று ஆரம்பிப்பார். "ஆல் பாஸ்!" என்று ஒரு குரல் வரும். மேஜையைத் தட்டுவார்கள். நாற்பது பொருளும் காபி ஆறுவதற்குள் பாஸ்.

ஒருமுறை இப்படித்தான், பழைய ஃபைலைப் பார்த்து நானே ஒரு தீர்மானம் தயார் பண்ணினேன். கடற்கரையோரம் ஒரு தெருவுக்கு எட்டு விளக்குக் கம்பம். ஆல் பாஸ். கம்பங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஆட்கள் போனார்கள். அரை மணி நேரத்தில் போன் வந்தது. "சார், தெரு எங்கே சார்?" — அந்தத் தெருவைக் கடல் கொண்டுபோய் ஏழெட்டு மாசம் ஆகியிருந்தது! அங்கே வாசல் இழந்த மீனவர்கள் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவர், ஒரே ஒருவர், வாயைத் திறந்து கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கேட்க நான் இடம் வைத்து டைப் அடிக்கவுமில்லை.

இப்பேர்ப்பட்ட அனுபவசாலி ரிட்டயர் ஆகி, என் மனைவியின் ஊர்ப்பக்கமே குடிவந்துவிட்டேன். உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்க வேண்டும். வந்ததும் வாக்காளர் பட்டியலில் பெயரையும் இந்த ஊருக்கு மாற்றிக்கொண்டேன். ஊராட்சி ஆபீஸில் எந்தக் கடிதம் வந்தாலும் செயலர் குமரேசன் எனக்கு போன் பண்ணுவான். "சார், இதுக்கு எப்டி பதில் எழுதறது?" முனிசிபாலிட்டி சார் என்றால் ஊரில் ஒரு மரியாதை. மரியாதை வந்தால் கூடவே ஒரு மிதப்பும் வருமே... வந்தது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் — தண்ணீர்.

எங்கள் ஊரில் ஒரு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. கோயில் பக்கம். ஊர்த் தெருக்களுக்கெல்லாம் தண்ணீர் பாய்ந்து முடிந்தபின் காலனிக்குப் போகும். போவதற்குள் அழுத்தம் செத்துவிடும். குழாயில் ஏறாது. அதனால் காலனியில் என்ன செய்திருக்கிறார்கள் தெரியுமா? தரையில் இடுப்பளவு பள்ளம் தோண்டி, பூமிக்குக் கீழே குழாயை வெட்டி வைத்திருக்கிறார்கள். பெண்கள் அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து, சொம்பால் ஏந்தி ஏந்தி ஒரு குடம் நிரப்புவார்கள். மழை நாளில் அந்தப் பள்ளத்தில் என்னென்ன வந்து நிற்கும் என்று நான் எழுத வேண்டாம். பச்சையம்மா பதினாறு வயதிலிருந்து அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்தவர். தலைவரான பிறகும் உட்காருகிறார். அவர் தேர்தலில் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்று — பள்ளத்தை மூடுவேன்.

ஒன்றிய ஆபீஸுக்கு நடையாய் நடந்து இரண்டாவது தொட்டி ஒன்றுக்கு அனுமதி வாங்கிவிட்டார். இடம் மட்டும் கிராம சபை சொல்ல வேண்டும். மே தினக் கிராம சபையில் தீர்மானம் போட்டு அந்த வாரத்துக்குள் கொடுத்தால் ஆச்சு, இல்லாவிட்டால் தொட்டி வேறு ஊராட்சிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். பச்சையம்மா மனசில் இருந்த இடம் களத்துமேடு. ஊருக்கும் காலனிக்கும் நடுவில், இரண்டையும் விட உயரமான பொது இடம். அங்கே தொட்டி நின்றால் இரண்டு பக்கமும் ஒரே சீராகத் தண்ணீர் பாயும்.

களத்துமேடு என்றதும் ஊர்ப்பக்கம் முகம் சுளித்தது. முன்னாள் தலைவர் எத்திராஜ் — பத்து ஏக்கர்காரர், பேச்சில் கெட்டிக்காரர் — ஒரேயடியாக வேண்டாம் என்றுவிட்டார். சண்டை போடவில்லை. அதைவிடச் சுலபமான வழி அவருக்குத் தெரியும். எங்கள் ஊர் ஜனத்தொகைக்குக் கிராம சபையில் நூறு பேர் இருந்தால்தான் அது சபை. ஊர்க்காரர்கள் வராமல் வீட்டில் இருந்துவிட்டால்? காலனியில் எழுபது எண்பது பேருக்கு மேல் தேறாது. சபை இல்லை, தீர்மானம் இல்லை, தொட்டி இல்லை. எப்படி!

இங்கேதான் அடியேன் உள்ளே நுழைந்தேன்.

நூறு பேருக்கு எங்கே போவது என்று குமரேசன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "பேஜாரான வேலை சார் இது" என்றான். "நூறு பேர் எதற்குப்பா, நூறு கையெழுத்துதானே?" என்றேன் நான். இந்தப் பக்கத்து ஊர்களில் புதிதும் இல்லை. வருகைப் பதிவேடு கூட்டத்துக்கு முன்னாலேயே டீக்கடை, ரேஷன் கடை, நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரை என்று ஒரு சுற்றுப் போய்வரும். இன்னா ஏதுன்னு கேட்காமல் போட்டுவிடுவார்கள். ஒரு தெம்புக்கு முதல் கையெழுத்தை நானே போட்டுக் கொடுத்தேன். இரண்டே நாளில் அறுபத்திரண்டு கையெழுத்து. கூடவே தீர்மானத்தையும் அழகாக டைப் அடித்து வைத்தேன். களத்துமேட்டில் தொட்டி அமைக்க சபை ஏகமனதாக...

பச்சையம்மா நோட்டைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கமாக. பிறகு நான் டைப் அடித்த காகிதத்தைக் கடைசி வரி வரை படித்தார்.

"இது இன்னா சார்?"

"கையெழுத்தும்மா. அறுபத்திரண்டு ஆச்சு. மீதியை நாளைக்கு முடிச்சிடலாம்."

"கூட்டமே நாளான்னிக்குதானே சார்?"

"ஆமாம்மா. எல்லா இடத்திலும் இப்படித்தான் பண்றது..."

"வராதவங்க வந்தாங்கன்னு கையெழுத்து போட்டுக் கீறாங்க. பேசாத பேச்ச பேசி முடிச்சிட்டோம்னு நீங்க டைப் அடிச்சிக் கீறீங்க. அப்பால நான் எதுக்கு சார் தலைவரு? இந்தக் காயிதத்தையே தூக்கி நாற்காலில குந்த வெச்சிடலாமே!"

ஆபீஸில் இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் உங்களுக்காகத்தாம்மா பண்ணேன்! ஜெயிக்கிற வழியைப் பாருங்க. நாம யாரு? உத்திரமேரூர்க்காரங்க! ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடவோலை போட்டு ஊரை ஆண்டவங்க..." என்று கொஞ்சம் சத்தமாகவே ஆரம்பித்தேன்.

முடிக்க விடவில்லை.

"தெரியும் சார். ட்ரெய்னிங் குடுக்கசொல்லோ எங்களல்லாம் கல்வெட்டுக் கோயிலுக்கு இட்டுக்கினு போனாங்க. ஒரு மேடம் சொவத்துல கீறத படிச்சி சொன்னாங்க. சொந்த நெலம் கீறவன் பேருதான் ஓலையில எழுதணும், சொந்த மனையில வூடு கட்டிக்கினு கீறவன் பேருதான் எழுதணும்னு. நான் அங்கியே நெனச்சிக்கினேன். நெலமும் இல்லாம மனையும் இல்லாம கெடந்தமே, எங்க ஜனம் பேரு அந்தப் பானைக்குள்ள ஏறவே இல்ல. பொம்பள பேரும் ஏறல. இப்பதான் சார் எங்களுக்கு ஒரு நோட்டுல எடம் கெடச்சிருக்கு. அதுல பொய்யா எழுதிக் குடுக்கறீங்களே, உங்களுக்கு இது ஞாயமா கீதா?"

பஸ் ஸ்டாண்டில் இறங்கும் விருந்தாளிகளையெல்லாம் அந்தக் கோயிலுக்கு அழைத்துப் போய், சுவரைக் காட்டிக் காட்டிப் பெருமை பேசியவன் நான். அந்தச் சுவரில் பெயர் எழுத வழியில்லாதவர்களும் இதே ஊரில்தான் இருந்தார்கள் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

பச்சையம்மா குமரேசனிடம் சிவப்புப் பேனா வாங்கினார். அறுபத்திரண்டு கையெழுத்தின் குறுக்கேயும் கோடு. கீழே தன் கையாலேயே எழுதினார் — 'கூட்டத்துக்கு முன் வாங்கியது. செல்லாது.' தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டார்.

"தலைவரே, நூறு பேர் வரலன்னா?" என்றான் குமரேசன்.

"வரலன்னா தொட்டி இல்ல. பள்ளத்துலயே குந்திக்கினு கெடக்கறோம்." அதைச் சொல்லும்போது அவருக்கும் கண் கலங்கியிருந்தது. வீராப்பில் சொல்கிற பெண்மணி இல்லை அவர். என்ன இழக்கப் போகிறோம் என்று அங்கே அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை.

மே தினம். பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா. கூம்பு ஸ்பீக்கர். வாட்டர் கேன். மேலிடத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி ஒருவர். பதினொரு மணிக்கு எண்ணினோம் — ஐம்பத்து மூன்று. பாதிக்கு மேல் காலனிப் பெண்கள். கம்பெனி பஸ் ஏறி ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு அன்றைக்கு லீவு. லேட்டாக எழுந்து, நாஷ்டா முடித்து, ஒவ்வொருவராக வந்தார்கள். பன்னிரண்டு மணிக்கு எழுபத்து நாலு. அதோடு நின்றுவிட்டது.

வெயில் உச்சந்தலையைப் பிளந்தது. அதிகாரி வாட்சைப் பார்த்தார். "ஏதோ பார்த்து கையெழுத்தை ஃபில் பண்ணிடுங்களேன்மா..." என்று மெதுவாக இழுத்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னுடைய பழைய உத்தியோக ஜாதி, அவரைக் கோபித்து என்ன பயன்?

பச்சையம்மா எழுந்தார். மைக்கைக் கையில் எடுத்தார். ஸ்பீக்கர் ஊர்ப்பக்கம் திரும்பியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எத்திராஜண்ணே... நான் பச்சையம்மா பேசறேன். களத்துமேட்ட பத்தி உங்களுக்கு சொல்ல வேண்டியது நெறய கீதுன்னு ஊருக்கே தெரியும். வூட்ல குந்திக்கினு சொன்னா நோட்ல ஏறாதுண்ணே. வந்து சொல்லுங்க. எதிர்த்தே சொல்லுங்க. ஒரு வார்த்த வுடாம எழுதச் சொல்றேன். எழுதறதுக்கு முனிசிபாலிட்டி சார் கீறாரு. சாப்ட்டுக்கூட வாங்க, நாங்க குந்திக்கினு கீறோம்."

ஊர் முழுக்கக் கேட்டது. அண்ணே என்று அவர் கூப்பிட்டதும் ஊர்ப்பக்கம் எத்தனை வீட்டில் எத்தனை பேர் நிமிர்ந்து உட்கார்ந்தார்களோ! பச்சையம்மாவின் அம்மா எத்திராஜ் வீட்டு வாசலில் நின்று இதே மனிதரை எப்படிக் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

முக்கால் மணி நேரம். ஒருவரும் எழுந்து போகவில்லை. பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு தெருமுனையில் வெள்ளை வேட்டிகள் தெரிந்தன. எத்திராஜ் வந்துகொண்டிருந்தார். பின்னால் ஒரு கூட்டமே. மைக்கில் ஊரறியக் கூப்பிட்ட பிறகு வீட்டுக்குள் இருப்பது கௌரவமா? முன்னாள் தலைவர் பயந்துட்டாரு என்றல்லவா பேச்சு வரும்! முகத்தில் சிரிப்பே இல்லை. தம் ஆட்களை ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டு, கடைசியாக மேஜைக்கு வந்தார். பேனாவைக் கையில் எடுத்தவர், நிறுத்திக் கேட்டார்.

"குமரேசா, எத்தினி ஆச்சி?"

குமரேசன் என்னைப் பார்த்தான். தலைவரைப் பார்த்தான். உண்மையைச் சொன்னான்.

"தொண்ணூத்தொம்பதுங்க."

எத்திராஜுக்குப் புரிந்துவிட்டது. எதிர்க்க வந்தவர்கள்தான் சபையை நிரப்பியிருக்கிறார்கள். இன்னும் ஒன்று. அந்த ஒன்று அவர் கையில் இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினால் கதை முடிந்தது. அவர் பச்சையம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா, போடுங்கள் என்றும் சொல்லவில்லை, கைகூப்பவும் இல்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஊரறிய கூப்ட்டியே... கூட்டமே இல்லன்னா நான் யார்கிட்டம்மா எதிர்க்கறது?" என்றார் எத்திராஜ். போட்டார்.

அப்புறம் பேசினார் பாருங்கள், கால் மணி நேரம்! "களம் பூட்ச்சின்னா நெல்ல எங்க கொட்றது? தார் ரோட்லயா? ரோட்ல காய வெச்சி போன வருஷம் பைக்ல வந்தவன் ஒருத்தன் சறுக்கி வுய்ந்தான், கைய ஒட்ச்சிக்கினான். தண்ணி குடிக்கணும், வாணாம்னு சொல்லல. சோறும் துன்னணும் இல்ல?" — சரியான கேள்விதான். இத்தனை நாள் அவரைத் தண்ணீருக்குக் குறுக்கே நிற்கிற ஆள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இந்தக் கேள்வி நான் டைப் அடித்த காகிதத்தில் எங்கேயும் இல்லை.

யார் பதில் சொன்னது தெரியுமா? அதிகாரி இல்லை, நான் இல்லை. காலனிப் பக்கத்திலிருந்து சரசு என்கிற பெண் எழுந்தார். அறுப்புக்கு அறுப்பு அந்தக் களத்தில் நெல் பரப்பி, காலால் கிளறிக் கொடுத்துக் காய வைக்கிற கூலிக்காரர்.

"களத்துல மேக்கால புளியமரம் கீதில்ல? அந்த மூலையில மத்தியானத்துக்கு மேல வெயிலே படாது. அங்க கொட்ன நெல்லு என்னிக்குங்க காஞ்சிருக்கு? நாங்கதான வாரி வாரி இப்பால போடறோம். தொட்டிய அந்த மூலையில வெச்சா யாருக்கு இன்னா நஷ்டம்?"

முப்பது வருஷமாக அந்தக் களத்தில் எத்திராஜ் நெல்தான் காய்கிறது. எந்த மூலையில் காயாது என்று அவருக்குத் தெரியாது. சரசுக்குத் தெரியும். ஆத்திரம் எல்லாம் போய், மனுஷன் கணக்குப் பார்த்து ஒரு நிபந்தனை போட்டார் — தொட்டி வேலைக்கு ஜல்லியும் மணலும் களத்தில் கொட்டக் கூடாது, அறுப்பு சமயத்தில் லாரி ஏறக் கூடாது. பச்சையம்மா உடனே, "அத்தயும் தீர்மானத்துல சேர்த்து எய்துங்க சார்" என்றார்.

கை தூக்கச் சொன்னார்கள். எத்திராஜ் கையும் உயர்ந்தது, முழங்கை வரைக்கும். அவரோடு வந்தவர்களிலேயே பதினோரு பேர் தூக்கவில்லை. முடியாது என்றால் முடியாது என்று உட்கார்ந்திருந்தார்கள். தீர்மானம் நிறைவேறியது. பச்சையம்மா விடவில்லை. "அந்தப் பதினோரு பேரு பேரும், எதுக்கு வாணாம்னாங்கன்னும் எய்துங்க. நாளிக்கி தொட்டில எதுனா கோளாறுன்னா அவங்க சொன்னது நெனப்பு வரணும்." எழுதினேன். எதிர்த்தவர்கள் பெயரை என் கையால் எழுதியது அதுதான் முதல் தடவை. என்ன ஆச்சரியம், பேனா நன்றாகவே ஓடியது!

கூட்டம் கலைந்தது. காலனிப் பெண்கள் பச்சையம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அழுதார், ஒருவர் சிரித்தார், பச்சையம்மா இரண்டையும் செய்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். எத்திராஜ் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எழுதியதை வாங்கி, தாம் பேசியதை மட்டும் இரண்டு தரம் படித்தார். "சரியாத்தான் கீது" என்றார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ரெண்டு நாளா குந்தி எய்தினேன் சார். வேஸ்ட்டா பூட்ச்சி. நீயே வெச்சிக்கோ."

பிரித்தேன். கலெக்டருக்கு மனு. கிராம சபை கூடுவதற்கு முன்பே பொய்க் கையெழுத்து வாங்கியிருப்பதால் தீர்மானத்தை ரத்து செய்ய வேண்டும்... கூடவே நோட்டு கடைசிச் சுற்றாக டீக்கடைக்கு வந்தபோது அவர் போனில் பக்கம் பக்கமாக எடுத்த படங்களின் பிரிண்ட். காலனிக்குத் தொட்டி வராமல் போக அந்த ஒரு பக்கமே போதும். பச்சையம்மாவுக்கு இந்த மனுவைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாமலேதான் கோடு போட்டார்.

"தலைவரம்மா செவப்பு கோடு போட்டு செல்லாதுன்னு எய்திட்டாங்கன்னு குமரேசன் சொன்னான். அப்பால இத்த எங்க கொண்டுபோய் குடுக்கறது?" என்று சொல்லிவிட்டு எத்திராஜ் வேட்டியை உதறிக்கொண்டு கிளம்பினார்.

பொய்க் கையெழுத்துப் போட்டவர்கள் பட்டியலும் மனுவில் இருந்தது. அறுபத்திரண்டு பெயர், வரிசையாக. முதல் பெயர் என்னுடையது. பக்கத்தில் எத்திராஜ் தம் கைப்படக் குறித்திருந்தார் — 'படித்தவர், விவரம் தெரிந்தவர்.'